படிக்கத் தெரியாதவரின் பெயரால்

1882-ல் லண்டனில் பிரபுக்கள் சபை ஒரு வழக்கை முடித்துவைத்தது. வழக்கு இரண்டு யானைகளைப் பற்றியது. ஸ்காட்லாந்தின் லெவன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பருத்தி நூலுக்குத் 'துருக்கிச் சிவப்பு' என்ற சாயம் ஏற்றிவந்த ஆர் யூவிங் நிறுவனம், பம்பாய்க்கும் ஏடனுக்கும் அனுப்பிய நூல்கட்டுகளில் இரண்டு யானைகள் அச்சிட்ட சீட்டு ஒன்றை ஒட்டிவந்தது. அங்குள்ள சந்தைகளில் அந்த நூலுக்கு 'பே ஹாத்தி' என்று பெயர். இரட்டை யானை நூல். நிறுவனத்தின் பெயர் யாருக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை. லண்டனைச் சேர்ந்த ஜான்ஸ்டன் நிறுவனம் அதே ஊர்களுக்கு அதே வகை நூலை அனுப்பத் தொடங்கியபோது தன் சீட்டிலும் இரண்டு யானைகளைப் போட்டது. இரண்டு சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவரும் ஒன்றை மற்றொன்றாக நினைத்து ஏமாற மாட்டார். பிரபுக்கள் சபையே இதை ஒப்புக்கொண்டது. ஆனாலும் தீர்ப்பு ஆர் யூவிங் பக்கம்தான் விழுந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஏடன்வாசிக்கும் இந்தியருக்கும் சீட்டின் எழுத்தும் ஓரத்து வேலைப்பாடும் வெறும் அலங்காரம்; அவர் மனதில் நிற்பது இரண்டு யானைதான் என்பது நீதிபதிகள் சொன்ன காரணம்.

யானையை வரைய யாருடைய அனுமதியும் வேண்டாம். இருந்தும், அந்தச் சந்தைகளில் சிவப்பு நூல் விற்கும் காரியத்துக்கு மட்டும் இரண்டு யானை ஒரு நிறுவனத்துடையது ஆயிற்று. கவனிக்க வேண்டியது, தீர்ப்பு ஒரு குறிப்பிட்ட ஓவியத்தைக் காப்பதோடு நிற்கவில்லை என்பது. 'இரண்டு யானை' என்று மனதில் பதியும் எண்ணத்தையே அது காத்தது. இன்று ஆப்பிள் பழத்தின் படத்துக்கும் அதன் காம்பருகே நிற்கும் இலைக்கும் பெரிய நிறுவனம் உரிமை கோரும்போது, இதை நம் காலத்துப் பேராசை என்று பேசி முடித்துவிடுகிறோம். பேராசை இருக்கலாம். ஆனால் அது சட்டத்துக்குள் நுழைந்த வாசல் பழையது. நல்ல நோக்கத்தோடு திறக்கப்பட்டது. படிக்கத் தெரியாமல் வாங்குபவரைக் காப்பதற்காக அகலப்படுத்திய உரிமை, அந்தக் காரணம் தேய்ந்த பிறகும் சுருங்கவில்லை. அந்த உரிமையை ஒரே சரக்கோடு பிணைத்திருந்த கட்டும் பின்னாளில் அவிழ்ந்தது. அன்றாடப் பொருளின் படத்தை ஒருவர் தன்னுடையது என்று சொல்ல முடிகிற இன்றைய நிலைமை இந்த இரண்டும் சேர்ந்து விளைந்தது.

அந்தக் காலத்துத் துணி வணிகத்தை நினைத்துப் பார்த்தால் படத்தின் தேவை விளங்கும். மான்செஸ்டரிலிருந்து ஆசியச் சந்தைகளுக்குப் போன துணியில், மடித்த கட்டின் முகப்பில் பல வண்ணத்தில் அச்சிட்ட படச்சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். யானை, புலி, தெய்வ உருவங்கள், வீட்டுப் பொருள்கள் என்று எதுவும் அதில் வரும். நெய்த ஆலை ஒன்று, ஏற்றுமதி செய்த வணிகர் இன்னொருவர், துறைமுகத்தில் இறக்கிய தரகர் வேறொருவர். கடைசியில் கடையில் துணியைத் தொட்டுப் பார்க்கிறவருக்கு இவர்களில் எவரையும் தெரியாது. சென்ற முறை வாங்கியது சாயம் போகாமல் உழைத்ததா, அதே படம் இருக்கிறதா என்பதுதான் அவருக்கு முக்கியம். அந்த நிலையில் படத்தைக் காப்பி அடிப்பவன் வணிகரை மட்டும் ஏமாற்றவில்லை. வாங்குபவருடைய ஒரே பாதுகாப்பையும் பறிக்கிறான். ஆகவே நீதிமன்றங்கள் படத்தைக் காக்க முன்வந்ததில் நியாயம் இருந்தது. வாங்குபவரின் கண்ணும் நினைவும் எதைப் பிடித்துக்கொள்கின்றனவோ அதைக் காக்க வேண்டும் என்றார்கள். வேறு எதைக் காத்தாலும் அது அவருக்குப் பயன்பட்டிருக்காது.

பிரிட்டனில் வணிக முத்திரைப் பதிவுச் சட்டம் 1875-ல் வந்தது. அதற்கு முன் ஒருவர் தன் முத்திரைக்காக வழக்குப் போட வேண்டுமானால், சந்தையில் அதற்குப் பெயர் இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். பதிவேடு அந்தச் சுமையைக் குறைத்தது. 1876 ஜனவரி 1 அன்று முதல் எண்ணில் பதிவானது பர்ட்டன் நகரத்துப் பாஸ் மதுபான ஆலையின் சிவப்பு முக்கோணம். மானே 1882-ல் பாரிஸ் மதுக்கூடம் ஒன்றை வரைந்த ஓவியத்தில் மேசைமேல் இருக்கும் புட்டிகளில் அந்த முக்கோணத்தைப் பார்க்கலாம். பள்ளிச் சிறுவன் ஸ்லேட்டில் போடும் வடிவம் பதிவேட்டின் முதல் வரியிலேயே ஒரு நிறுவனத்துடையது ஆகிவிட்டது. ஆனால் அது பீருக்கு மட்டும்தான். மான்செஸ்டர் துணி வணிகர்கள் பதிவேட்டைக் கண்டு மகிழவில்லை, மிரண்டார்கள். ஒரே படத்தைப் பல வணிகர்கள் பல காலமாக ஒட்டிவந்திருந்தார்கள். முதலில் விண்ணப்பம் போட்டவருக்கு அது சொந்தமானால் மற்றவர்கள் கதி என்ன? ஆகவே பருத்தி முத்திரைகளைப் பரிசீலிக்க மான்செஸ்டரிலேயே தொழில் தெரிந்தவர்கள் அமர்ந்தார்கள்; தொழிலுக்குப் பொது என்று கண்ட படங்கள் பதிவு மறுக்கப்பட்டன. பதிவேடு பிறந்த காலத்திலேயே, சில படங்கள் யாருடையதும் ஆகக் கூடாது என்ற கொள்கையும் உடன் பிறந்தது என்பதை இன்று பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

காப்பு அகலம்தான், ஆனால் அதைச் சுற்றி மூன்று எல்லைகள் இருந்தன. ஒரே வகைச் சரக்காக இருக்க வேண்டும். வாங்குபவர் ஏமாறும் வாய்ப்பு இருக்க வேண்டும். படம் அந்தத் தொழிலில் பலருக்குப் பொதுவாக இருக்கக் கூடாது. இந்த எல்லைகளுக்குள் நின்ற வழக்குகளில் அநியாயம் என்று சொல்ல அதிகம் இல்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 1972-ல் தீர்த்த பார்லே பிஸ்கட் வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. பார்லே குளுக்கோ உறையில் ஒரு பண்ணை வீடு, மரங்கள், மாடுகள், கோழிகள், நடுவே தண்ணீர் வாளியோடு ஒரு பெண். மைசூர் நிறுவனம் ஒன்றின் உறையிலும் பண்ணை வீடு, மாடுகள், கோழிகள். நடுவே நிற்கும் பெண்ணுக்கு வாளி இல்லை, தலையில் வைக்கோல் கட்டும் கையில் அரிவாளும் இருந்தன. வாளிக்கும் அரிவாளுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் கீழ் நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளின. உச்ச நீதிமன்றம் ஒப்பவில்லை. கடையில் நிற்பவர் இரண்டு உறைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில்லை. நிறமும் அளவும் மொத்தத் தோற்றமும்தான் நினைவில் நிற்கும் என்றது. இரட்டை யானைத் தீர்ப்பின் தர்க்கம்தான் இதுவும். இரண்டும் பிஸ்கட், இரண்டும் ஒரே அலமாரியில் இருப்பவை, வாங்குபவர் உண்மையிலேயே ஏமாறக்கூடும். பண்ணை மாட்டின் படத்தைப் பால்காரர் தன் வண்டியில் வரைவதைத் தடுக்க இந்தத் தீர்ப்பில் எதுவும் இல்லை.

எழுத்தறிவு பரவினால் இந்த அகலம் தானாகக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, காரணம் மட்டும் மாறியது. 1990-ல் பிரபுக்கள் சபைக்கு ஓர் எலுமிச்சம்பழம் வந்தது. 'ஜிஃப்' என்ற பெயரில் எலுமிச்சைச் சாற்றை, எலுமிச்சையின் வடிவமும் நிறமும் அளவும் கொண்ட பிளாஸ்டிக் குப்பியில் ஒரு நிறுவனம் 1950-களிலிருந்து விற்றுவந்தது. அமெரிக்காவின் போர்டன் நிறுவனமும் எலுமிச்சை வடிவக் குப்பியோடு பிரிட்டன் சந்தையில் இறங்கப் பார்த்தது. குப்பியில் சீட்டு இருந்தது, அதில் வேறு பெயர் இருந்தது, வாங்குபவர்களுக்குப் படிக்கவும் தெரியும். ஆனாலும் ஜிஃப்தான் வென்றது. கடைக்கு வருபவர் சீட்டைப் படிப்பதில்லை, குப்பியைப் பார்த்து எடுக்கிறார் என்பது விசாரணையில் நிலைநாட்டப்பட்டிருந்தது. அவர் இன்னும் கவனமாகவோ படிப்பறிவோடோ இருந்திருந்தால் ஏமாறியிருக்க மாட்டார் என்பது பதிலாகாது, வாங்குபவரை இருக்கிறபடிதான் ஏற்க வேண்டும் என்றார்கள். ஏடனில் படிக்கத் தெரியாதவர் நின்ற இடத்தில் இங்கிலாந்தின் பல்பொருள் அங்காடியில் படிக்க நேரமில்லாதவர் வந்து நின்றுகொண்டார். எலுமிச்சைச் சாற்றை எலுமிச்சை வடிவத்தில் விற்கும் உரிமை ஒருவரிடமே தங்கிவிட்டதே என்ற மனக்குறையை நீதிபதிகளில் ஒருவரான பிரிட்ஜ் பிரபு மறைக்கவில்லை. பழைய விதிப்படி வேறு வழியில்லை என்றுதான் அவரும் உடன்பட்டார்.

இதுவரை சரக்கின் எல்லையாவது நின்றது. எலுமிச்சைச் சாறு எலுமிச்சைச் சாறோடுதான் மோதியது. அந்த எல்லையை உடைத்த சிந்தனை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 'ஓடோல்' என்பது ஜெர்மனியில் புகழ்பெற்ற வாய்க்கொப்பளிப்பு மருந்து. எஃகுப் பொருள்களுக்கு அதே பெயரைப் பதிவுசெய்த ஒருவருக்கு எதிராக 1924-ல் ஜெர்மன் நீதிமன்றம் ஒன்று தீர்ப்புச் சொன்னது. மருந்து வாங்க வந்தவர் தண்டவாளத்தை வாங்கிப் போவார் என்று யாரும் பயப்படவில்லை. பெயர் பலரிடம் போனால் அதன் ஈர்ப்பு தேயும் என்பதே வாதம். அமெரிக்கச் சட்ட அறிஞர் ஃபிராங்க் ஷெக்டர் 1927-ல் ஹார்வர்ட் சட்ட இதழில் எழுதிய கட்டுரை இந்த வாதத்தைக் கொள்கையாக்கியது. அதை அமெரிக்கா 1995-ல் கூட்டாட்சிச் சட்டமாக்கியது. இந்தியாவின் 1999-ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டத்தின் 29(4) பிரிவும், நற்பெயர் பெற்ற முத்திரையை அதற்குச் சம்பந்தமே இல்லாத சரக்கில் பயன்படுத்துவதையும் சில நிபந்தனைகளோடு மீறலாக்குகிறது. இங்கே வாங்குபவர் காட்சியிலிருந்தே வெளியேறிவிடுகிறார். யாரும் ஏமாற வேண்டியதில்லை. உடைமைக்காரரின் மதிப்புக் குறைந்தால் போதும். ஷெக்டர் மனதில் இருந்தவை கோடக் போன்ற, யாரோ இட்டுக்கட்டிய பெயர்கள். அவற்றை ஒருவரே வைத்துக்கொண்டால் மொழிக்கு நஷ்டம் இல்லை. அதே கொள்கை ஒரு பழத்தின் படத்துக்குப் பொருந்தும்போது விளைவு வேறு.

ஆப்பிளின் கதையில் இந்த மாற்றம் முழுதாகத் தெரிகிறது. பீட்டில்ஸ் இசைக்குழு 1968-ல் தொடங்கிய ஆப்பிள் கார்ப்ஸ், பச்சை கிரானி ஸ்மித் ஆப்பிளைத் தன் இசைத்தட்டுகளில் முத்திரையாகப் போட்டது. 1976-ல் கலிஃபோர்னியாவில் ஆப்பிள் கம்ப்யூட்டர் பிறந்தது. ராப் ஜனாஃப் 1977-ல் வரைந்த கடித்த ஆப்பிள் அதன் முத்திரையானது. தந்தம் விற்பவர் 'தந்தம்' என்ற சொல்லைத் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது, சோப்பு விற்பவர் வைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 1976-ல் விளக்கியிருந்தது. அந்தக் கணக்கில் பழக்கடைக்காரருக்கு முடியாதது கணினிக்காரருக்கு முடிந்தது. 1981 உடன்பாட்டின்படி கணினி நிறுவனம் இசைப் பக்கம் வரக் கூடாது. கணினி இசை வாசிக்கத் தொடங்கியதும் மீண்டும் வழக்கு, 1991-ல் 2.65 கோடி டாலர் கொடுத்து முடித்தார்கள். பிறகு ஐட்யூன்ஸ் கடை வந்தது. 2006-ல் லண்டன் உயர் நீதிமன்றம் கணினி நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2007-ல் முத்திரைகள் அனைத்தும் கணினி நிறுவனத்துக்கே சொந்தமாகி, சிலவற்றை ஆப்பிள் கார்ப்ஸ் உரிமம் பெற்றுப் பயன்படுத்தும் நிலை வந்தது. இரண்டு தொழில்களுக்கு நடுவே இருந்த வேலிதான் இரண்டு ஆப்பிள்களையும் வாழவைத்தது. மின்னணுத் தொழில் எல்லாத் தொழிலுக்குள்ளும் புகுந்தபோது வேலி விழுந்தது. தோட்டம் பெரியவர் கைக்குப் போனது.

அதன் பிறகு நடந்தவற்றில் இரண்டு போதும். 2020-ல், ஐந்தே பேர் வேலை பார்த்த 'ப்ரிப்பேர்' என்ற அமெரிக்கச் சமையல் செயலி தன் பேரிக்காய் முத்திரையைப் பதிவுசெய்ய முயன்றபோது ஆப்பிள் ஆட்சேபித்தது. பேரிக்காயில் கடித்த அடையாளம் இல்லை, நிறம் வேறு. இறுதியில் பேரிக்காய் தப்பியது, இலையின் வடிவம் மாறியது. சுவிட்சர்லாந்தில், கறுப்பு வெள்ளையில் இயற்கையாக வரைந்த ஒரு கிரானி ஸ்மித் ஆப்பிளின் படத்துக்கு ஆப்பிள் நிறுவனம் 2017-ல் விண்ணப்பித்தது. பொதுவான பொருளின் பொதுவான படம் எல்லோருக்கும் உரியது என்ற கொள்கையைச் சொல்லி, சுவிஸ் அறிவுசார் சொத்து அலுவலகம் 2022-ல் சில வகைச் சரக்குகளுக்கு மட்டும் அதைப் பதிவுசெய்தது. மீதிக்காக நிறுவனம் 2023-ல் மேல்முறையீடு செய்தது. கவலைப்பட்டவர்கள் சுவிஸ் பழ உற்பத்தியாளர் சங்கத்தினர். நூறு ஆண்டைத் தாண்டிய அந்தச் சங்கத்தின் முத்திரை, வெள்ளைச் சிலுவை பதித்த சிவப்பு ஆப்பிள்.

இதற்கு நிறுவனத் தரப்பில் சொல்லப்படுவது எளிதில் தள்ளக்கூடியது அல்ல. ஆப்பிள் பழம் விற்பதை யாரும் தடுக்கவில்லை, கேட்பது மின்னணு, ஒலி ஒளிச் சரக்குகளுக்கு மட்டும்தானே என்பார்கள். சரக்குகளை வகுப்புகளாகப் பிரித்த காலத்தில் இது நல்ல பதில். நூலும் பீரும் வேறு வேறு கிடங்குகளில் இருந்தன. இன்று பழ விவசாயியும் காணொளி போடுகிறார், செயலி வைத்திருக்கிறார், இணையத்தில் விற்கிறார். ஒலி ஒளி வகுப்பு என்பது பெயரளவில் ஒரு தொழில். நடைமுறையில் எல்லாத் தொழிலும் பேசும் வாய். அந்த வாயில் ஆப்பிள் படம் ஒருவருடையது என்றால், பழக்காரர் தன் பழத்தைக் காட்டுவதற்கு முன் வக்கீலைக் கேட்க வேண்டியிருக்கும். இரண்டாவது பதில், முத்திரையைக் காவல் காக்காவிட்டால் பறிபோகும் என்பது. ஆஸ்பிரின் என்ற பெயர் 1921-ல் அமெரிக்காவில் அப்படிப் போனது, எஸ்கலேட்டர் 1950-ல் போனது. ஆனால் அவை போனது, மக்கள் அந்தச் சரக்கு முழுவதற்கும் அதே பெயரைச் சொல்லத் தொடங்கியதால். உலகத்தில் யாரும் எல்லாக் கணினியையும் ஆப்பிள் என்று சொல்வதில்லை. ஒரு சமையல் செயலியில் பேரிக்காய் தொங்குவதால் சொல்லப்போவதும் இல்லை. நேரடிப் போட்டியாளரைத் தடுப்பதற்கு உள்ள நியாயத்தைச் சம்பந்தமில்லாத சிறியவருக்கு எதிராக நீட்ட முடியாது.

மூன்றாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. அலுவலகங்களும் நீதிமன்றங்களும் அதிகப்படியான உரிமையைக் கடைசியில் மறுக்கத்தானே செய்கின்றன, சுவிஸ் அலுவலகமே பாதியை மறுத்ததே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் கடைசிவரை போகிறவர்கள் குறைவு. ஐந்து பேர் உள்ள நிறுவனம் வழக்குச் செலவைக் கணக்குப் போட்டு இலையை மாற்றிக்கொள்கிறது. தீர்ப்பு வராத இடத்தில் அதுவே சட்டமாகிவிடுகிறது. நான்காவதாக, படமுத்திரைச் சட்டம் இல்லாவிட்டால் முதலில் அழிவது சின்னத் தொழில்தான், தீப்பெட்டிச் சீட்டின் படத்தை நம்பியே விற்கிறவர்கள் இன்றும் உண்டு என்பார்கள். இதை முழுதாக ஒப்புக்கொள்ளலாம். அந்தச் சின்னத் தொழிலுக்குத் தேவைப்படுவது பழைய மூன்று எல்லைகளுக்குள் நிற்கும் உரிமை: அதே சரக்கில், அதே சந்தையில், வாங்குபவரை ஏமாற்றும்படி என் படத்தைப் போடாதே என்பது. தன் தீப்பெட்டியில் இருக்கும் படத்தை எந்தத் தொழிலிலும் எவரும் போடக் கூடாது என்று தடுக்கும் உரிமை அவருக்குப் பயன்படாது. அதை நிலைநாட்டும் பணமும் அவரிடம் இருக்காது.

ஒரு படத்தை ஒருவரின் அடையாளமாக வைத்துக்கொண்டே, அதை அவருடைய சொத்தாக்காமல் இருக்க முடியுமா? முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று இருக்கிறது. படிக்கத் தெரியாத வாக்காளருக்காக 1951-52 தேர்தலில் தேர்தல் ஆணையம் கட்சிகளுக்குச் சின்னங்களைக் கொடுத்தது. வீட்டிலும் வயலிலும் புழங்கும் பொருள்களின் படங்கள் அவற்றில் நிறைய உண்டு. காங்கிரஸ் பிளந்து, நுகம் பூட்டிய இரட்டைக் காளைக்கு இரு தரப்பும் சண்டையிட்டபோது, சின்னம் என்பது கூட்டாளிகள் பங்கு போட்டுக்கொள்ளும் சொத்து அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1971-ல் சொன்னது. 1989-லும் 2017-லும் தமிழ்நாட்டில் இரட்டை இலை முடக்கப்பட்டதும் இந்த நிலைப்பாட்டால்தான். பொது அமைப்பு கொடுத்ததைப் பொது அமைப்பு நிறுத்திவைக்கவும் முடிந்தது. வணிகமும் தேர்தலும் ஒன்றல்ல. கடைக்காரர் தன் பெயரைப் பல ஆண்டு உழைத்துச் சம்பாதிக்கிறார், ஆணையம் அதை அவருக்குத் தருவதில்லை. ஆனால் அவர் சம்பாதித்தது தன் சரக்கின் மீதுள்ள நம்பிக்கையை. யானையையோ ஆப்பிளையோ அவர் உண்டாக்கவில்லை. ஆகவே இட்டுக்கட்டிய பெயருக்கு ஒரு சட்டமும், ஏற்கெனவே எல்லோரிடமும் இருந்த பொருளின் படத்துக்கு வேறு சட்டமும் இருப்பதே முறை. பின்னதற்கு, எவ்வளவு புகழ் வந்தாலும், சரக்கின் எல்லையைத் தாண்டும் உரிமை கூடாது. வாங்குபவர் ஏமாறுவார் என்பதை உரிமை கோருபவரே நிரூபிக்க வேண்டும். தோற்றால் எதிராளியின் செலவையும் அவரே கட்ட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மான்செஸ்டர் வணிகர்கள் தங்கள் சொந்த லாபத்தை நினைத்தே சில படங்களைப் பொதுவில் விட்டார்கள். அந்த அளவு முன்யோசனையை இன்றைய சட்டத்திடம் எதிர்பார்ப்பது அதிகம் இல்லை.